சாலைச் சந்திப்பை மாற்றியமைக்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்பதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எப்போது கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது அமையும். நான் கோவைவாசி என்பதால் எங்கள் லாலி ரோடு சந்திப்பை வைத்தே சொல்கிறேன்.

தடாகம் சாலை, மருதமலைச் சாலை, கௌலி பிரவுன் சாலை ஆகியவை கூடும் அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் சிக்னலை நிறுத்திவிட்டு, ரவுண்டானா முறையை வெள்ளோட்டம் பார்த்தார்கள். சிக்னல் இருக்கும்போதே முண்டியடிக்கும் ஊரில் அதையும் எடுத்துவிட்டால் யார் யாருக்கு வழிவிடப் போகிறார்கள் என்று டீக்கடையில் வாதிட்டவர்களில் நானும் ஒருவன். அன்று என் கையில் படிவத்தைக் கொடுத்திருந்தால் 'வேண்டாம்' என்றே எழுதியிருப்பேன். சில வாரங்கள் அவ்வழியே பைக்கில் போய்வந்த பிறகு, சிவப்பு விளக்கின் முன் நின்று புகை குடித்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த மனமாற்றம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் கான்சாஸ், மேரிலாந்து, நெவாடா மாநிலங்களின் மூன்று ஊர்களில் வாகன ஓட்டிகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பு 2002-ல் வெளியானது. ரவுண்டானா கட்டுவதற்கு முன் அதை ஆதரித்தவர்கள் 31 விழுக்காடு. கட்டி முடித்துச் சிறிது காலத்தில் 63 விழுக்காடு. ஆக, முன்கூட்டியே கேட்கும் கருத்தில் பழகாத ஒன்றைப் பற்றிய அச்சமே பெரும்பங்கு வகிக்கிறது. தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பதே முறை.

பொறியாளர்கள் ரவுண்டானாவை விரும்பக் காரணம் உண்டு. சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய இடங்கள் 32. ஒரே தடம் கொண்ட ரவுண்டானாவில் 8 மட்டுமே. வேகமும் குறைவதால் இடித்தாலும் பெரும்பாலும் பக்கவாட்டில் உரசலாகவே முடிகிறது. (உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு முன்னுரிமை என்பதை நம்மவர்கள் எப்போது ஏற்பார்கள் என்பது வேறு கதை.)

இந்தக் கணக்கில் விடுபட்டவர்கள் நடந்து செல்பவர்கள். சிவப்பு விளக்கு வண்டிக்காரருக்குத் தடை, ஆனால் பாதசாரிக்கு அதுதான் வழி. ஓயாமல் சுற்றும் ரவுண்டானாவில் அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை. ஒரு நாள் மாலையில் காய்கறிப் பையோடு ஓரமாக நின்றிருந்த ஒரு பாட்டியம்மா, இரண்டு முறை காலை எடுத்து வைத்துவிட்டுப் பின்வாங்கியதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். "முன்னெல்லாம் சிவப்பு வுழுந்தாப் போயிருவேனுங்க. இப்ப எப்பப் போறதுன்னே தெரியலீங்க" என்றார். ஆதரவா, எதிர்ப்பா என்று மட்டும் கேட்கும் எந்தப் படிவத்திலும் அவருடைய பதிலுக்கு இடமிருக்காது.

வேறொரு சந்திப்பைப் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர், கடை முன் வண்டி நிறுத்த இடம் போய்விடுமோ என்று கவலைப்பட்ட வணிகர்கள். அவர்கள் கவலையும் நியாயமானதே. ஆனால் அந்தச் சாலையைத் தினமும் கடக்கும் கல்லூரி மாணவர்களோ பேருந்துக்கு ஓடும் பெண்களோ ஒருவர்கூட அங்கே இல்லை. என்னைக் கேட்டால், காலை எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கே போய், "எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள், எங்கே தயங்கி நிற்கிறீர்கள்?" என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டால் போதும் என்பேன்.