மேடை தந்த அடக்கம்

கேள்வி: நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வருகிறவர்கள், கேமரா பக்கத்தில் நின்றாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதைப் போலத்தான் நடிக்கிறார்கள். மலையாள நடிகர் பரத் கோபியும் நாடகக்காரர்தான் என்கிறார்கள். ஆனால் ‘கொடியேற்றம்’ படத்தில் அவர் நடிக்கிறார் என்பதே தெரியவில்லை. மேடைப் பழக்கத்தை அவர் எப்படி உதறினார்? அவருடைய படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?
— வாசகர் ஒருவர், நாகர்கோவில்.

பதில்: அவர் எதையும் உதறவில்லை. ‘கொடியேற்ற’த்தில் உங்களை வியக்க வைத்த அந்த அடக்கம், அவர் மேடையில் கற்றுக்கொண்டு வந்ததுதான். நாடகம் என்ற ஒரே சொல்லில் எத்தனையோ வகை மேடைகளை அடைத்துவிட்டு, அவை அனைத்தும் மிகை நடிப்பின் பள்ளிக்கூடங்கள் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. இந்தக் கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், ஆயிரம் பேருக்கு முன்னால் விடிய விடிய நடித்த கம்பெனி நாடகக்காரருக்கு உரத்த குரல் ஒரு தேவையாக இருந்தது. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. கோபி கற்ற மேடையோ வேறு. 1937இல் சிறையின்கீழில் பிறந்து, திருவனந்தபுரத்தில் படித்து, கேரள மின்வாரியத்தில் எழுத்தராக வேலை பார்த்த அவர், நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையின் பிரசாதன லிட்டில் தியேட்டரில் நடிப்புப் பழகினார். நாடகம் என்பது ஓர் ஒழுக்கம், அதற்குப் பயிற்சிக் களரி வேண்டும் என்று சொல்லி, 1967இல் சாஸ்தாங்கோட்டையில் நாடகக் களரியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சங்கரப் பிள்ளை. பத்தாண்டுகளுக்குப் பின் திருச்சூரில் நாடகப் பள்ளி அமைந்தபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. காந்திகிராமக் காலத்திலிருந்து அவரோடு பழகிய பேராசிரியர் சே. இராமானுஜம் அந்தப் பள்ளியில் பணியாற்றிவிட்டுத்தான் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் என்பதால், நம்முடைய நவீன நாடகமும் அந்தக் களரிக்குக் கடன்பட்டிருக்கிறது.

பிறகு காவாலம் நாராயணப் பணிக்கரின் ‘திருவரங்கு’ குழுவில் கோபி சேர்ந்தார். காவாலம் எழுதி, திரைப்பட இயக்குநர் ஜி. அரவிந்தன் இயக்கிய ‘அவனவன் கடம்ப’ நாடகத்தில் கோபியும் நெடுமுடி வேணுவும் நடித்தார்கள். மரங்களுக்கு நடுவே திறந்த வெளியில் நடந்த நாடகம் அது. திரைச்சீலை இல்லை, வரைந்து தொங்கவிட்ட அரண்மனை இல்லை. திருவிழாவுக்குப் புறப்பட்ட ஒரு கூட்டம் வழியில் ஒரு தடையைத் தாண்ட வேண்டும், அந்தத் தடை அவரவரே என்பதுதான் நாடகம். பாதையும் தூரமும் களைப்பும் நடிகர்களின் காலிலும் தோளிலும் மூச்சிலும் இருந்தாக வேண்டும். வெட்டி ஒட்ட ஆளில்லாமல், பார்வையாளர் கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இன்னொரு மனிதனாக நின்று பழகியவருக்கு, கேமராவுக்கு முன்னால் மிகை செய்யத் தேவை என்ன இருக்கிறது?

இப்போது ‘கொடியேற்ற’த்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதுவும் திருவிழா திருவிழாவாக அலைகிற ஒருவனின் கதை. அடூர் கோபாலகிருஷ்ணன் தமது முதல் படமான ‘சுயம்வர’த்தில் (1972) கோபிக்கு வேலையிழந்த ஒருவரின் சிறு வேடத்தைத்தான் கொடுத்திருந்தார். அடுத்த படமான ‘கொடியேற்ற’த்தில் நாயகன் சங்கரன்குட்டியையே கோபியின் தோளில் ஏற்றினார். படத்தில் பின்னணி இசை கிடையாது. நடிகர் சோர்ந்தால் தாங்கிப் பிடிக்க வயலின் வராது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஒரு லாரி கடந்து போகிறது. சட்டையெல்லாம் சேறாக நிற்கிற சங்கரன்குட்டிக்குக் கோபம் வரவில்லை; என்ன வேகம் என்று வாய் பிளந்து, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த நிற்பைக் கவனியுங்கள். தோள் தொய்ந்திருக்கிறது, கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்குகின்றன, முகத்தில் மட்டும் ஐந்து வயதுக் குழந்தையின் வியப்பு. முப்பது வயது தாண்டிய ஓர் ஆணின் உடம்பில் இப்படியொரு குழந்தையைக் குடியேற்றுவது முகபாவத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை. முழு உடம்பையும் ஒருவர் ஆண்டிருக்க வேண்டும். அந்த ஆட்சியைத் தந்தது மேடை. 1977ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. ‘பரத்’ என்ற அடைமொழியும் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

இவர் ஒருவர் மட்டும் விதிவிலக்காக இருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். மலையாளத்துக்கு முதன்முதலில் அந்த விருதைக் கொண்டுவந்த பி.ஜே. ஆண்டனி (‘நிர்மால்யம்’, 1973) நாடகம் எழுதி, இயக்கி, நடித்தவர். ‘பிறவி’யில் மகனைத் தேடும் தந்தையாக வந்து 1988இல் விருது பெற்ற பிரேம்ஜி, நம்பூதிரிச் சமூகத்தை உலுக்கிய சீர்திருத்த நாடகங்களிலிருந்து வந்தவர், அப்போது அவருக்கு வயது எண்பது. ‘நெய்த்துகார’னுக்காக 2001இல் பெற்ற முரளியும் மேடையை விடாதவர். இத்தனை பேரையும் விதிவிலக்கென்று ஒதுக்கினால், பிறகு விதி என்று சொல்ல என்ன மிஞ்சும்?

கோபியின் உச்சம் மிகக் குறுகியது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 1982 தொடங்கி 1985 வரையிலான நான்கே ஆண்டுகள். ‘யவனிகா’வின் தபலாக் கலைஞர் ஐயப்பனும், ‘ஓர்மைக்காயி’யில் வாய் பேசாத, காது கேளாத மனிதரும், ‘பஞ்சவடிப் பால’த்தில் பதவி வெறி பிடித்த ஊராட்சித் தலைவர் துச்சாசனக் குறுப்பும், ‘சிதம்பர’த்தின் சங்கரனும் இந்தச் சிறு இடைவெளிக்குள் வந்தவர்கள். கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை அவர் நான்கு முறை பெற்றார். அவற்றில் மூன்று இந்தக் காலத்தவை. 1986இல் பக்கவாதம் தாக்கியது. உடம்பு முழுவதையும் கருவியாக்கி வைத்திருந்த ஒரு கலைஞருக்கு, நாற்பத்தெட்டு வயதில், அந்த உடம்பின் ஒரு பாதி வசப்படாமல் போயிற்று.

அவர் ஓய்ந்துவிடவில்லை. படங்களை இயக்கினார். அவர் இயக்கிய ‘யமன’த்தில் நடித்து, 1991ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றவர் கோழிக்கோடு சாந்தாதேவி. அவரும் மேடையில் வளர்ந்தவர்தான். கோபி 1993இல் ‘பாதேயம்’ வழியாக நடிப்புக்குத் திரும்பினார். நடிப்பைப் பற்றி அவர் எழுதிய ‘அபிநயம் அனுபவம்’, சினிமா நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. 2008 ஜனவரி 29 அன்று மறையும்வரை அவர் கலையை விட்டு விலகவில்லை. அந்த நூல் தமிழில் நடிப்புப் பயில்கிறவர்கள் ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘கொடியேற்றம்’ பார்த்துவிட்டீர்கள், அடுத்தது கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’வாக இருக்கட்டும். ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவில் தபலா வாசிப்பவர் காணாமல் போகிறார், போலீஸ் விசாரிக்கிறது. எல்லோருடைய நினைவிலும் வாக்குமூலத்திலுமாகத்தான் ஐயப்பன் நமக்குத் தெரியவருகிறார். குடித்து, மிரட்டி, ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாசமாக்குகிற முரடர். சங்கரன்குட்டிக்கு இருந்த அதே வழுக்கை, அதே பருத்த உடம்பு. ஒப்பனையில் பெரிய மாற்றமும் இல்லை. ஆனாலும் சங்கரன்குட்டியின் சாயல் ஓரிடத்திலும் எட்டிப் பார்ப்பதில்லை.

அதன் பிறகு அரவிந்தனின் ‘சிதம்பரம்’ பாருங்கள். மலைமேல் உள்ள அரசுப் பண்ணையின் மேற்பார்வையாளர் சங்கரன். அங்கே வேலை செய்யும் தமிழரான முனியாண்டி, ஊருக்குப் போய்ச் சிவகாமியை மணந்து அழைத்து வருகிறார். சங்கரனுக்கும் சிவகாமிக்கும் ஏற்பட்ட உறவு தெரிந்து முனியாண்டி தூக்கில் தொங்க, குற்ற உணர்வு சங்கரனை ஊர் ஊராகத் துரத்தி, கடைசியில் நடராசர் கோயிலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோயிலை விட்டு வெளியே வரும்போது, செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காசு கொடுக்கிறார். அவள் முகம் நிமிர்கிறது; சிவகாமியாக நடித்த ஸ்மிதா பாட்டீலின் வடுப்பட்ட முகம். அந்த ஒரு கணத்தில் கோபியின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.