ஒத்திக்குப் போகிறவர் மார்ட்கேஜரா, மார்ட்கேஜியா?

கேள்வி: செல்லூரில் ஒரு வீட்டை 6 லட்ச ரூபாய்க்கு 3 வருட ஒத்திக்கு (மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு) பேசி முடித்திருக்கிறோம். வீட்டுக்காரர் கொடுத்த ஆங்கில நகலில் என் கணவரை ஓரிடத்தில் 'மார்ட்கேஜர்' என்றும் இன்னோரிடத்தில் 'மார்ட்கேஜி' என்றும் அடித்திருக்கிறார்கள். பணம் கொடுப்பது நாங்கள்தானே, மார்ட்கேஜர் என்பதுதானே சரி?

பதில்: இல்லைம்மா. வீட்டுக்காரர்தான் மார்ட்கேஜர், உங்கள் கணவர் மார்ட்கேஜி. கையெழுத்துக்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று.

எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலை பெறுபவர். அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தும். எதைக் கொடுக்கிறார் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 6 லட்சம் கண்ணை மறைத்துவிடுகிறது. மார்ட்கேஜ் என்பது அந்தப் பணம் அல்ல. பணத்துக்கு ஈடாகச் சொத்தின் மேல் எழுதித் தரும் உரிமை. அதைக் கொடுப்பவர் வீட்டுக்காரர், பெறுபவர் உங்கள் கணவர். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58-ஆம் பிரிவில் இப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது. வீட்டுக் கடன் தரும் வங்கியும் இதே கணக்கில்தான் மார்ட்கேஜி.

என்னைக் கேட்டால் நம் பத்திரத் தமிழ் இதைவிடத் தெளிவு: எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் இந்தத் தலைப்புகளைப் பார்க்கலாம். ஆங்கில நகலில் மார்ட்கேஜர் என்று வரும் இடத்திலெல்லாம் 'எழுதிக் கொடுப்பவர்' என்று பென்சிலால் எழுதிப் படித்துப் பாருங்கள், தவறு தானே தெரியும்.

தவறினால் என்ன ஆகும்? 'கெடு முடிந்ததும் மார்ட்கேஜர் 6 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். உங்கள் கணவரை மார்ட்கேஜர் என்று வைத்து அதைப் படியுங்கள். பணம் கொடுத்த நீங்களே திருப்பித் தர வேண்டியவர்கள் ஆகிறீர்கள்! நாளைக்குப் பிணக்கு வந்தால் இந்த ஒரு சொல்லை வைத்தே இழுத்தடிப்பார்கள். பதிவான பிறகென்றால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதற்கு வீட்டுக்காரரும் வந்து கையெழுத்திட வேண்டும். இப்போதென்றால் ஒரு தாளை மாற்றி அடித்தால் முடிந்தது.

இன்னொன்று. நாம் ஒத்தி என்பதைச் சென்னைப் பக்கம் லீஸ் என்கிறார்கள். சிலர் லீஸ் பத்திர மாதிரியை எடுத்துத் தொகையை மட்டும் மாற்றிவிடுவார்கள். நகலில் லெஸ்ஸர், லெஸ்ஸி என்ற சொற்கள் தென்பட்டால் அது வாடகைக் குத்தகைப் பத்திரம், ஒத்தி அல்ல. அதிலும் குடியேறுகிறவர் பெறுபவர் பக்கம்தான், அதாவது லெஸ்ஸி; ஆனால் உரிமைகள் வேறு. ஆகவே தலைப்பையும் பாருங்கள்.

முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள ஒத்திக்குப் பதிவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது 59-ஆம் பிரிவு. அதற்கும் முன்னால் வில்லங்கம் போட்டு, வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3 வருடம் கழித்துப் பணம் கைக்கு வந்ததும் ஒத்தி தீர்ந்ததற்கு ரசீதுப் பத்திரம் பதிவாகும். அதில் இடம் மாறிவிடும்: எழுதிக் கொடுப்பவர் உங்கள் கணவர், எழுதி வாங்குபவர் வீட்டுக்காரர். முழுத் தொகையும் வந்து சேராமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.