நவம்பர் 23: காசு போட்டவருக்கு மட்டும் கேட்ட பாட்டு

கேள்வி: நவம்பர் 23ஆம் திகதி நிகழ்ந்த சிறப்புகள் என்றொரு பட்டியலை வாசித்தேன். 1889இல் முதலாவது ஜூக்பாக்ஸ், 1936இல் 'லைஃப்' படச் சஞ்சிகையின் முதல் இதழ், 1963இல் 'டொக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடர். அந்நாளில் மட்டக்களப்பில் சொல்லும்படியாக ஒன்றுமே நடக்கவில்லையா? (ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: நடந்தது. ஆனால் ஜூக்பாக்ஸைச் சொல்லாமல் அதற்கு வர எனக்கு மனமில்லை. சான் பிரான்சிஸ்கோ மதுச்சாலை ஒன்றில் லூயிஸ் கிளாஸ் என்பவர் வைத்த அந்தப் பெட்டிக்கு ஒலிபெருக்கி கிடையாது. அதில் நான்கு குழாய்கள் இருந்தன, ஐந்து சதம் போட்டவர் ஒரு குழாயைக் காதில் பொருத்திக் கேட்டார், பக்கத்திலிருந்தவர் நிம்மதியாகக் குடித்தார். இசைக்கருவி விடயத்தில் மனிதகுலம் தொட்ட உச்சம் அதுவே என்பேன். இங்கோ வைகாசிச் சடங்குக் காலத்தில் காசு கொடுத்தவர் யாரென்று தெரியாது, பாட்டு மட்டும் வாவியின் அக்கரைவரை கேட்கும். வாவியின் பாடும் மீன்கள் வாயடைத்துப் போனது தென்னைமரத்து ஒலிபெருக்கிகளால்தான் என்று முன்பு இப்பக்கத்தில் எழுதியபோது, ஆலய பரிபாலன சபை உறுப்பினர் ஒருவர், "மீனுக்குக் காது உண்டா?" என்று கேட்டு எழுதியிருந்தார். மீனுக்கு உட்செவி உண்டு என்று விலங்கியல் சொல்கிறது. பரிபாலன சபைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒலிபெருக்கி கட்டத் தென்னைமரமே இல்லாமற்போன காலமும் இருந்தது. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியில், மாவட்டத்தில் ஏறத்தாழ 28,000 ஏக்கரில் நின்ற தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது போயின. இறந்தோர் தொகை 900ஐத் தாண்டியது. வைத்த தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது செல்லும் ஆதலால், தேங்காய் திருவும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஓர் இரவு 1980களின் நடுப்பகுதிவரை நீண்டது. இத்தகைய நீட்சி எந்தத் தொலைக்காட்சித் தொடருக்கும் வாய்த்ததாக நான் அறியேன். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஒருவரின் வயதைக் கேட்டுப் பாருங்கள். சூறாவளிக்கு முந்திப் பிறந்தவரா, பிந்திப் பிறந்தவரா என்றுதான் கணக்குத் தொடங்கும்.

நள்ளிரவுக்குப் பின்னரும் காற்று ஓயவில்லை, ஆகவே அதை 24ஆம் திகதியில் சேர்ப்பதே முறை என்று வாதிடும் வாசகர் ஒருவர் எமக்கு உண்டு. அவரது கடிதத்துக்காக அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்கியாயிற்று.