மெடீவல் ரொமான்ஸ் படிக்கிறதுன்னா காதல் கதை படிக்கிறதா?

கேள்வி இதுதான்: "எம்.ஏ.ல மெடீவல் ரொமான்ஸ் இலக்கியம் எடுக்கலாம்னு இருக்கேன். காதல் கதை படிக்கவா வெளிநாடு போறேன்னு வீட்ல கேக்குறாங்க. அங்க உண்மையிலயே என்னதான் படிக்கணும்?"

நான் படிச்சிருக்கேன், அதனால சொல்றேன். ஊரு ஆரணி பக்கம். இங்க பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சுட்டு இங்கிலாந்துல ஒரு வருஷ எம்.ஏ. பண்ணேன். பி.ஏ.ல இந்த மெடீவல், அதாவது இடைக்காலத்துலேருந்து நான் தொட்டது 14-ம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிஞர் சாசரோட 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரை மட்டும்தான், அதுவும் நோட்ஸ் வச்சு பரீட்சைக்குப் படிச்சது.

முதல்ல அந்த 'ரொமான்ஸ்'ங்கிற வார்த்தை. 12-ம் நூற்றாண்டு பிரான்ஸ்ல சர்ச்சு, படிப்பு, பத்திரம் எல்லாம் லத்தீன்ல நடந்துச்சு, ஜனங்க வாய்ல பேசுன பிரெஞ்சுக்குத்தான் ரொமான்ஸ்னு பேரு. லத்தீன்ல இருக்குற கதைய ஜனங்க பாஷைக்குக் கொண்டு வந்தா அத ரொமான்ஸ்ல போட்டதா சொல்லுவாங்க, போகப்போக அப்படி எழுதுன கதைக்கே அந்தப் பேரு நின்னுடுச்சு. காதல்ங்கிற அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டுனது. ஹேவ்லாக்னு ஒரு ரொமான்ஸ் இருக்கு, அதுல டென்மார்க் இளவரசன் கிரிம்ங்கிற மீனவன் வீட்ல வளர்றான், பஞ்சம் வந்ததும் லிங்கன் ஊருக்குப் போயி ஒரு சமையக்காரர்கிட்ட மீன் கூடை தூக்கி தண்ணி சுமந்து விறகு பொளந்து பொழைக்கிறான், அவன் கல்யாணம்கூட கட்டாயப்படுத்தி பண்ணி வச்ச கல்யாணம்தான். இத எப்படி காதல் கதைன்னு சொல்றது.

வகுப்பு எப்படி நடக்கும்னா, ஒரு மேசை, சுத்தி ஏழெட்டு பேரு, கையில மூல நூல், ரெண்டு மணி நேரத்துக்கு நாப்பது அம்பது வரிதான் நகரும். எங்களுக்கு முதல்ல வச்சது சர் கவைனும் பச்சை வீரனும். 2530 வரி, 14-ம் நூற்றாண்டோட கடைசியில இங்கிலாந்தோட வடமேற்குப் பக்கத்து வட்டார வழக்குல எழுதுனது, எழுதுனவர் பேரு தெரியல. சாசர் காலத்து ஆள்தான், ஆனா சாசர் லண்டன் பாஷை, இது வேற, அங்கேயே பொறந்து வளர்ந்த பசங்களே அகராதிய விட்டு கண்ண எடுக்க முடியாம இருந்தாங்க.

எனக்கு அங்க கை குடுத்தது நம்ம மோனை. ஏன்னா அந்தப் பாட்டு எதுகையில ஓடல, மோனையில ஓடுது. முதல் வரி ட்ராய் நகரத்து முற்றுகை ஓஞ்ச கதைய சொல்லுது, அதுல முக்கியமா அழுத்தி சொல்ற வார்த்தைங்கள்ல, கடைசியா வர்ற ட்ராய தவிர, மத்த எல்லாத்துலயும் ஸகரம் வந்து விழும். நமக்கு அகரத்துக்கு ஆ, ஐ, ஔ இனம்னு கணக்கு இருக்கு, அவங்களுக்கு எந்த உயிரும் எந்த உயிரோடயும் சேரும், அவ்ளோதான் வித்தியாசம். எட்டாங்கிளாஸ்ல தமிழ் ஐயா வாய்விட்டு படிங்கடான்னு சொன்னது ஞாபகம் வந்து சத்தம் போட்டு படிச்சேன், ஒவ்வொரு வரியும் எங்க மூச்சு விடுதுன்னு காதுக்குப் புடிபட்டுடுச்சு, அர்த்தம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்கு: புத்தாண்டு விருந்துல ஆர்தர் ராஜா சபைக்கு ஒடம்பெல்லாம் பச்சையா ஒருத்தன் குதிரையில வந்து, என்ன ஒரு வெட்டு வெட்டு, ஒரு வருஷம் ஒரு நாள் கழிச்சு நான் திருப்பி வெட்டுவேன்ங்குறான். ஆர்தரோட வீரன் கவைன் அவன் தலைய சீவிடுறான். அவன் குனிஞ்சு தலைய எடுத்துக்கிட்டு, அந்தத் தலையே வாயத் தொறந்து சொன்ன தேதிக்கு வந்துடுன்னு சொல்லிட்டுப் போறான். இப்ப கவைன் என்ன பண்ணணும்? போனா சாவு. ஆனா வாக்கு குடுத்தாச்சு. போறான். வழியில ஒரு கோட்டையில தங்குறப்ப அந்த வீட்டுக்காரரோட இன்னொரு ஒப்பந்தம், தினம் சாயங்காலம் நீ சம்பாதிச்சத எனக்கு, நான் வேட்டையாடுனத உனக்கு. மூணாவது நாள் அந்த வீட்டம்மா உயிரக் காப்பாத்தும்னு குடுத்த ஒரு பச்சை இடுப்புக்கச்சைய மட்டும் இவன் மறைச்சுடுறான். பெரிய வாக்க காப்பாத்தப் போனவன் சின்ன வாக்குல சறுக்கிடுறான்.

அந்தக் கவிதைல 'ட்ரௌத்'னு ஒரு வார்த்தை வரும். உண்மை, குடுத்த சொல்லு, விசுவாசம், நாணயம் எல்லாம் ஒரே சொல்லுக்குள்ள. அதுக்கே எங்களுக்கு ஒரு வகுப்பு முழுசா போச்சு. இன்னைய இங்கிலீஷ்ல ஒத்த வார்த்தைல சொல்ல முடியாம எல்லாரும் முட்டிக்கிட்டு இருந்தப்ப எனக்கு மனசுல 'வாய்மை' வந்துச்சு, அப்புறம் அதுவும் பத்தாம 'நாக்கு சுத்தம்'னு எங்க ஊர்ல சொல்லுவாங்களே, அது வந்துச்சு. அதுலேருந்து நான் எந்த ரொமான்ஸ எடுத்தாலும் முதல்ல தேடுனது யாரு யாருக்கு என்ன வாக்கு குடுத்தாங்கங்கிறதத்தான், தேடுன பக்கமெல்லாம் அது இருந்துச்சு.

க்ரெத்தியான் த த்ருவான்னு பிரெஞ்சுக் கவிஞர், 12-ம் நூற்றாண்டோட பின்பாதி. அவரோட 'இவைன்'ங்கிற கதைல, ஒரு வருஷத்துல திரும்பி வந்துடுறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போனவன் போட்டி பந்தயம்னு சுத்திக்கிட்டு தேதிய மறந்துடுறான். ராஜா முன்னாடி பொண்டாட்டி அனுப்புன ஒரு பொண்ணு வந்து, அவ குடுத்திருந்த மோதிரத்த திருப்பி வாங்கிட்டுப் போகுது. அவனுக்குப் புத்தி பேதலிச்சு, துணியக் கிழிச்சுக்கிட்டு காட்டுக்கு ஓடுறான், பச்சைக்கறி தின்னு உயிர் பொழைக்கிறான். மிச்சக் கதை முழுக்க அவன் ஒவ்வொருத்தருக்கா சொன்ன நேரத்துக்குப் போயி நிக்கக் கத்துக்கிறதுதான்.

அதே இவைன்ல ஒரு எடத்த நான் சொல்லியே ஆகணும். அவன் போற ஒரு கோட்டையில முந்நூறு பொண்ணுங்க அடைபட்டு பட்டு நெய்யுறாங்க. நாங்க எந்நாளும் பட்டு நெய்வோம், ஆனா உடுத்த நல்ல துணி இருக்காது, ஒரு பவுண்டுக்கு வேல செஞ்சா எங்க கைக்கு வர்றது நாலு காசு, எங்க உழைப்புல முதலாளி பணக்காரனாகுறான்னு அவங்க பேசுறாங்க. ஒரு பவுண்டுன்னா அப்ப 240 காசு. எங்க ஆயா நாப்பது வருஷம் கூலிக்குப் பட்டுத் தறி நெய்தவங்க, பாவும் பட்டும் முதலாளி குடுப்பாரு, சேலைய நெய்து குடுத்தா எண்ணி கூலி. 800 வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல அரண்மனை ஆளுங்க கேக்குறதுக்காக எழுதுன கதைல இந்தக் கணக்கு இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல. அன்னைக்கு வகுப்புல எனக்கு பேச்சு வரல, அப்புறம் என் டிசர்டேஷனே, அதாவது எம்.ஏ. முடிக்க எழுதுற ஆய்வுக் கட்டுரையே, அந்தப் பகுதியப் பத்திதான் எழுதுனேன்.

இன்னொன்னும் படிக்கப் படிக்க உறைச்சது, இதெல்லாம் எவ்ளோ மெல்லிசான நூல்ல தொங்கிக்கிட்டு வந்துருக்குன்னு. கவைன் கதைக்கு உலகத்துலயே ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான், அது இருந்த, காட்டன்ங்கிறவர் சேர்த்த நூலகத்துல 1731-ல தீப்புடிச்சு எத்தனையோ பிரதி கருகிப் போச்சு, இது தப்பிச்சு இப்ப பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு. 'சைலன்ஸ்'னு ஒரு பிரெஞ்சு ரொமான்ஸ், பொண்ணுங்களுக்கு சொத்து கிடையாதுன்னு ராஜா சட்டம் போட்டதால ஒரு பொண்ண ஆம்பளையா வளர்த்த கதை, அது 1911-ல நாட்டிங்ஹாம் பக்கம் வாலட்டன் ஹால்ங்கிற மாளிகைல 'பழைய காகிதம், மதிப்பில்லாதது'ன்னு எழுதியிருந்த பெட்டிக்குள்ள கெடச்சுது.

நடைமுறை விஷயம். பிரெஞ்சு கதைங்க வேணும்னா பழைய பிரெஞ்சு கத்துக்கணும், லத்தீன் கொஞ்சம் தெரிஞ்சா நல்லது, பழைய கையெழுத்து படிக்க தனி பேப்பர் இருக்கும், அத விட்டுடாதீங்க. வேலைன்னு பாத்தா இந்தப் படிப்புக்குன்னே இருக்குற வேலை ரொம்பக் கம்மி, பிஎச்.டி. வரைக்கும் போனாலும் எடம் குறைச்சல்தான், அதனால கடன் வாங்கித்தான் போகணும்னா ஸ்காலர்ஷிப் கெடைக்கிற வரைக்கும் பொறுங்க. நான் இப்ப பதிப்பகத்துல எடிட்டிங் பண்றேன், ஒரு சொல்லுல நின்னு யோசிக்கிற பழக்கம் அங்கேருந்து வந்ததுதான்.

சேர்றதுக்கு முன்னாடி சர் ஆர்ஃபியோ படிச்சுப் பாருங்க, 600 வரிக்கு கொஞ்சம் மேல, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து சைட்ல கஷ்டமான சொல்லுக்கெல்லாம் அர்த்தத்தோட ஃப்ரீயா கெடைக்கும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட மிடில் இங்கிலீஷ் அகராதியும் ஃப்ரீதான். ஆர்ஃபியோங்கிற ராஜாவோட பொண்டாட்டிய மாயலோகத்து ராஜா தூக்கிட்டுப் போயிடுறான், ஆர்ஃபியோ ஊரப் பாத்துக்கச் சொல்லி காரியஸ்தன்கிட்ட ஒப்படைச்சுட்டு யாழோட பத்து வருஷம் காட்டுல கெடக்குறான், அப்புறம் அவளப் பின்தொடர்ந்து அந்த லோகத்துக்கே போயி வாசிக்கிறான். என்ன வேணும்னாலும் கேளுன்னு மாயலோகத்து ராஜா சொல்றான். அவளக் கேட்டதும், ஒட்டி உலர்ந்து போயிருக்குற உனக்கும் அவளுக்கும் பொருந்தாதுன்னு இழுக்குறான். அதவிட அசிங்கம் உன் வாயால பொய் சொல்றதுன்னு ஆர்ஃபியோ சொன்னதும் ராஜா அவள விட்டுடுறான். இதுக்கு மூலமான ஆர்ஃபியஸோட கிரேக்கக் கதைல அவ திரும்பி வர மாட்டா, இதுல வர்றா.

லீவுல வந்தப்ப இந்தக் கதைய எங்கம்மாகிட்ட சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே முழுசா கேட்டுட்டு, "பொண்டாட்டி கெடச்சுட்டா சரி, ஊர ஒப்படைச்சுட்டுப் போனானே, அந்த காரியஸ்தன் பத்து வருஷம் நாணயமா இருந்தானாடி?"ன்னு கேட்டாங்க. கவிதையோட கடைசிப் பகுதி முழுக்க அதுதான்.