கேளுங்கள், தேடுவோம்: பெரிய கோயிலின் நிழலும் பரங்கிமலைச் சங்கிலியும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, அப்படிக் கட்ட முடியுமா?
*கல்லூரி மாணவர், பட்டுக்கோட்டை*

முடியாது. நிழல் விழுகிறது. காலை எட்டு மணிக்கு விமானத்தின் பின்புறம், மேற்குப் பிராகாரத்தில் போய் நில்லுங்கள். நீங்கள் நிற்பதே அதன் நிழலில்தான்.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். விமானம் 200 அடிக்கு மேல் உயர்ந்தாலும் அதன் அடித்தளம் பக்கத்துக்கு ஏறக்குறைய 100 அடி அகலம். மேலே போகப் போகக் குறுகுகிறது. தஞ்சையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாள்களை ஒட்டிய பல வாரங்களில் உச்சிவேளைக்கு வந்து பார்ப்பவர், சிகரத்தின் நிழலைத் தரையில் தேடினால் காண மாட்டார். அது விமானத்தின் உடம்பின் மீதே விழுந்திருக்கும். அகன்ற அடியும் குறுகிய உச்சியும் கொண்ட எந்தக் கட்டடத்துக்கும் இது பொருந்தும்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. இல்லாத அதிசயத்தைத் தரையில் தேடுகிறவர்கள், கண்ணெதிரே சுவரில் இருப்பதைப் படிக்காமல் போகிறார்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். தான் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் (கோயிலில் ஆடிப் பாடிய பெண்களின்) பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், கணக்கர், குடை பிடிப்போர், வண்ணார், நாவிதர், தையற்காரர், குயவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தையற்காரருக்கு என்ன கிடைத்தது என்று உலகில் எத்தனை ஊர்களில் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியும்?

ராஜராஜ சோழன் மிளகாயே சாப்பிட்டதில்லை என்று என் பேரன் சொல்கிறான். நம்பலாமா?
*இல்லத்தரசி, சேலம்*

நம்பலாம் அம்மா. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே கால் வைத்தது 1492-இல், போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். பெரிய கோயில் முடிந்தது 1010-இல். இடையில் ஐந்து நூற்றாண்டு இருக்கிறது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, மக்காச்சோளம் எல்லாமே அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். அதே கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்கான படையல் செலவுகளைப் பாருங்கள்: மிளகு, கடுகு, சீரகம், புளி, நெய், தயிர் என்று இருக்கும். சிராத்தச் சமையலில் இன்றும் மிளகாயைத் தொடாமல் மிளகை மட்டும் போடுகிற வீடுகள் உண்டு. பழைய சுவை அங்கே இன்னும் தங்கியிருக்கிறது.

எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்ட வேலை சென்னையில்தான் தொடங்கியது என்று படித்தேன். கடற்கரை ஊருக்கும் இமயமலைக்கும் என்ன சம்பந்தம்?
*ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருத்தாசலம்*

நில அளவைத் துறையில் சங்கிலியோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தை அளப்பதுதான் கடினம், கோணத்தை அளப்பது அவ்வளவு கடினமில்லை. ஒரு முக்கோணத்தில் ஒரே ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. ஆறு, காடு, மலை எது குறுக்கிட்டாலும் இப்படியே நாடு முழுவதும் போகலாம். ஆனால் முதல் பக்கத்தை மட்டும் தரையில் முழங்கால் போட்டு அளந்தே ஆக வேண்டும். அதில் பிழை விழுந்தால் கடைசி முக்கோணம் வரை அது கூடவே வரும்.

அந்த முதல் பக்கத்தை ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். இன்று காரில் கால் மணி நேரத்தில் கடக்கும் தூரம், அவருக்கு 57 நாள் பிடித்தது. நாங்கள் வயலில் பிடித்த கண்டர் சங்கிலி 66 அடி. அவருடையது 100 அடி எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கணுக்கள் 40. முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியா வந்து சேர்ந்த சங்கிலி அது.

ஏன் 57 நாள்? வெயில்தான் காரணம். பத்து டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் 100 அடி எஃகு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இது ஒரு பொருட்டா என்று தோன்றும். அந்தச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை தூக்கி வைத்தால்தான் ஏழரை மைல் முடியும். பிழை ஒன்றே கால் மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளில் மட்டம் பார்த்து நிறுத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். சித்திரை வைகாசி வெயிலில் அந்த வெட்டவெளியில் நின்று செய்த வேலை இது.

கோணம் அளக்கும் தியோடலைட் கதை இதைவிடப் பெரியது. அரை டன் எடையுள்ள அந்தக் கருவி இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸுக்குப் போனது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பிரெஞ்சு ஆளுநர் அதைப் பாராட்டுக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். போர்க்காலத்தில் நடந்த இந்தப் பண்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

காவிரிப் படுகைக்கு வந்ததும் சிக்கல். தட்டையான பூமி, மலை கிடையாது, தென்னையும் பனையும் பார்வையை மறைக்கின்றன. எனவே கோயில் கோபுரங்களையே மலைகளாகக் கொண்டார் லாம்ப்டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அந்தக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோண அளவுகள் குறித்த அதன் பாகை வட்டம் நெளிந்துபோனது. வேறொருவராயிருந்தால் புதுக் கருவிக்கு எழுதிப்போட்டு இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் போய்விட்டார். பெரிய பலகையில் சரியான அளவில் ஒரு வட்டம் வெட்டி, நெளிந்த வளையத்தை ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக அந்த வட்டத்துக்குள் இழுத்துப் பொருத்தி, வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தி, ஆறு வாரத்தில் கருவியை வேலைக்குக் கொண்டுவந்தார். கருவியின் அருமை தெரிந்தவர்களுக்கு இதைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும்.

லாம்ப்டன் 1823-இல் வேலையிலேயே இறந்தார். அடுத்து வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 'பெரு வில்' என்று பெயர்பெற்ற அந்த முக்கோணத் தொடரை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்று 1843-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகுதான் நம் சிகரம் வருகிறது. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், 100 மைலுக்கும் அப்பாலிருந்த சமவெளி நிலையங்களிலிருந்து அதை நோக்கினார்கள். பதினைந்தாம் சிகரம் என்பதே அதன் அப்போதைய பெயர். காற்றில் ஒளி வளைவதையும் பூமியின் உருண்டையையும் கணக்கில் சேர்த்து, 1852-இல் அதுவே எல்லாவற்றிலும் உயரம் என்று கண்டவர் வங்காளத்தின் ராதாநாத் சிக்தார். 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். செயற்கைக்கோள் துணையோடு நேபாளமும் சீனாவும் 2020-இல் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். வித்தியாசம் ஒன்பது மீட்டர்தான்!

சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயரைச் சூட்டினார்கள், அதை உள்ளூர்க்காரர்கள் உச்சரிக்க முடியாது என்று அவரே ஆட்சேபித்தும். சிக்தாரின் பெயர் மிகத் தாமதமாகவே வெளியே வந்தது. பரங்கிமலையில் அந்தப் பெட்டிகளைத் தூக்கி வைத்த கைகளோ, நாம் படிக்கும் வரலாறுகளில் "லாஸ்கர்கள்" (உதவி வேலையாட்கள்) என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றன. காட்டுக் காய்ச்சலில் அவர்களில் பலர் செத்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த செயின்மேன்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சங்கிலியின் முனையைச் சரியாக இழுத்துப் பிடிக்கிறவர் இல்லாவிட்டால் அதிகாரியின் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. நாவிதரின் பெயரையும் கல்லில் வெட்டிய கோயிலின் மேல்தான் அந்தக் கருவி ஏறியது. அன்று கயிறு இழுத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தது தமிழர்கள், அதற்கு ஒரு மணி சாட்சி என்று வாட்ஸ்அப்பில் வந்தது.
*வாசகர், தூத்துக்குடி*

மணி உண்மை. முடிவு தவறு.

1836-ஆம் ஆண்டு வாக்கில் நியூசிலாந்தின் வட பகுதியில், வாங்கரேய் அருகே, வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் அது உடைந்த மணியின் மேற்பகுதி. சுற்றிலும் எழுத்துகள் இருந்தன. பிறகு படித்தபோது தமிழ்: முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது எப்படி அங்கே போனது என்பது நிறுவப்படவில்லை. ஆளில்லாத கப்பல் நீரோட்டத்தில் இழுபட்டுப் போயிருக்கலாம், வேறு மாலுமிகள் கைமாறிக் கொண்டுபோயிருக்கலாம். எப்படியானாலும் மாவோரிகளின் முன்னோர் அங்கே குடியேறி ஏழு நூற்றாண்டு ஆகிறது. அவர்களுடைய அடுப்பில் கிடைத்த பொருளைக் காட்டி அவர்களுடைய நாட்டை நாம் கண்டுபிடித்தோம் என்பது நியாயமா? நீங்கள் துறைமுகத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: தன் கப்பலின் மணியில் தன் பெயரைத் தமிழில் வார்த்துக்கொண்ட ஒரு முஸ்லிம் கப்பல் உரிமையாளர் நமக்கு இருந்தார். கடலோரத் தமிழ் முஸ்லிம்களின் கப்பல் தொழிலைப் பற்றி அந்தக் குழுவில் எழுதுங்கள். அதுதான் மணி சொல்லும் செய்தி.

ஹீலியம் குண்டூரில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பள்ளி அறிவியல் விழாவில் பேசலாமா?
*ஆசிரியை, திண்டுக்கல்*

ஒரு திருத்தத்தோடு பேசுங்கள். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து நோக்கிய பிரெஞ்சுக்காரர் பியர் ஜான்சன், கிரகணம் இல்லாத நாளிலும் சூரியனின் விளிம்புச் சுடர்களை நிறமாலைமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) மூலம் பார்க்க வழி கண்டார். அதே நாளில் மசூலிப்பட்டினத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் உட்படச் சிலர் அந்தச் சுடர்களின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். சோடியத்தின் கோட்டுக்கு அருகே இருந்தாலும் அது சோடியம் அன்று, புதிய தனிமம் (ஹீலியம்) என்ற எண்ணத்துக்கு வந்தவர் இங்கிலாந்தின் நார்மன் லாக்யர். அவர் பார்த்தது அக்டோபரில். பூமியில் அதைப் பிடித்துக் காட்டியவர் வில்லியம் ராம்சே, 1895-இல்.

மாணவர்களிடம் இன்னொரு பெயரையும் சொல்லுங்கள்: சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், அந்தக் கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து நோக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1867-இல், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்காக இந்திய மொழிகளில் அதை விளக்கி எழுதினார். உங்கள் மேடையில் அவர் படம் இருக்க வேண்டும்.

வாழைப்பழத்தில் கதிரியக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மகனுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.
*இளம் தாய், பெரியகுளம்*

இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டாம். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கதிர்வீசும் வகை கலந்திருக்கும். ஒரு பழத்தில் விநாடிக்கு 15 அணு போலச் சிதையும். வளர்ந்த மனிதரின் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் மட்டும் விநாடிக்கு 4,000-க்கு மேல் சிதைகின்றன, பழமே சாப்பிடாவிட்டாலும்! தேவைக்கு மேல் வரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுவதால் அது உடம்பில் சேர்ந்துகொண்டே போவதில்லை. தசைக்கும் நரம்புக்கும் பொட்டாசியம் இல்லாமல் முடியாது. நல்ல பழமாகப் பார்த்து உரித்துக் கொடுங்கள்.