கேள்வி–பதில்: மோட்டார்ஹோம் பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால்

கேள்வி: 1980களில் வந்த பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். வீட்டுப் பகுதிக்கு 100 ஆம்ப்-அவர் பேட்டரி இரண்டு. ஈஸ்டர் லீவுக்கு செயின்ட் லூசியா போனோம், ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் விளக்கு மங்கி, தண்ணீர் பம்ப் முனகி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு மீட்டர் வைத்தால் 12.8 வோல்ட் காட்டுகிறது. கடைக்காரர் ‘ரெண்டும் போச்சு, மாத்திடுங்க’ என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: ஐயா, இப்போதைக்கு மீட்டரையும் நம்பாதீர்கள், கடைக்காரரையும் நம்பாதீர்கள். சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டர் வைத்தால் எந்தக் கிழட்டு பேட்டரியும் 12.8 காட்டும், தகட்டின் மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் அது, நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் முழுசாக சார்ஜ் ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு பேட்டரியையும் இணைக்கிற கேபிளையும் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம், 11.8-க்குக் கீழே போனால் காலி.

கேபிளைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நொண்டி மாட்டோடு பூட்டின நல்ல மாடு மாதிரி, இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் அது மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் விழும். சேர்த்து வைத்துப் பார்த்தால் எது நொண்டி என்று கடைசிவரை தெரியாது.

சரி, காலையில் இரண்டும் 12.6 காட்டினால் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டலாமா? கூடாது. வோல்ட் சொல்வது பேட்டரி இப்போது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். 100 ஆம்ப்-அவர் பேட்டரி தகட்டில் சல்ஃபேட் என்கிற உப்பு படிந்து 20 ஆகச் சுருங்கியிருந்தாலும், அந்த 20 நிறைந்ததும் 12.6 காட்டத்தான் செய்யும். உங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காருக்குப் போடுகிற 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, இரண்டு வயர், ஒரு ஃபியூஸ் போதும். அந்த பல்பு ஏறக்குறைய நாலரை ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-அவர் என்று மேலே அச்சடித்திருப்பதே 5 ஆம்ப் வீதம் 20 மணி நேரம் தாங்கும் என்கிற கணக்கில்தான், அதனால் இந்த பல்பு கிட்டத்தட்ட அதே சோதனையைச் செய்துவிடும். காலை எட்டு மணிக்கு ஒரு பேட்டரியில் மாட்டி எரியவிடுங்கள் (பல்பு கொதிக்கும், பிளாஸ்டிக், துணி பக்கம் வைக்காதீர்கள்), மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு அணைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.2 பக்கம் நிற்க வேண்டும், நின்றால் அந்த பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. பல்பு எரியும்போதே மூன்று நாலு மணி நேரத்தில் 11.5-க்குக் கீழே போய்விட்டால் உடனே நிறுத்துங்கள், அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, கடைக்காரர் சொன்னது சரி. மறுநாள் அடுத்த பேட்டரி. சோதனை முடிந்ததும் மறக்காமல் சார்ஜ் போடுங்கள், பாதி காலியான லெட்-ஆசிட் பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் விடுவதுதான் சல்ஃபேட் படிய வைக்கிற வேலை.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிற ரகமாக இருந்தால் ஆசிடின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. நிறைந்த செல் 1.265-க்கு மேல் காட்டும், ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் போய்விட்டது, அதோடு அந்த பேட்டரியும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இரண்டும் கெட்டதாகவே இருக்கட்டும், எதனால் கெட்டது? அதைப் பார்க்காமல் புதுசு வாங்கினால் இரண்டு வருஷத்தில் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் கூடவே வந்த சார்ஜர் பலவும் 13.8 வோல்ட் பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்கிற ரகம், வார இறுதியில் ஒரு ராத்திரி பிளக்கில் போட்டு எடுத்தால் பேட்டரி ஒருபோதும் முழுசாக நிறையாது. வேறு சில கட்டுப்பாடே இல்லாமல் 15-ஐத் தாண்டிப்போய் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். சார்ஜர் ஓடும்போது பேட்டரியின் டெர்மினலிலேயே அளந்து பாருங்கள்: மெல்ல ஏறி 14.4 பக்கம் போய், சில மணி நேரம் கழித்து 13.5 அளவுக்குத் தானாக இறங்கினால் நல்ல சார்ஜர், இல்லையென்றால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். வோல்ட் அசையாமல் 12.5-லேயே நின்றால் இன்ஜின் ஓடும்போது வீட்டு பேட்டரிக்கும் சார்ஜைத் திருப்பிவிடுகிற ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கிறது, டர்பனிலிருந்து செயின்ட் லூசியா வரை ஓட்டியும் வீட்டு பேட்டரிக்கு ஒரு சொட்டும் போயிருக்காது.

ஃப்ரிட்ஜையும் விசாரியுங்கள். கேஸ், 220, 12 வோல்ட் மூன்றிலும் ஓடுகிற ஃப்ரிட்ஜ் என்றால், வண்டி நின்ற பிறகும் 12-லேயே விட்டிருந்தால் அது ஒன்றே பத்து ஆம்ப் அளவுக்குக் குடித்துவிடும். இன்ஜின் நின்றதும் கேஸுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே ரகம், ஒரே அளவு, ஒரே சமயத்தில் வாங்கினது. ‘டீப் சைக்கிள்’ ரகமாகக் கேளுங்கள், அடிக்கடி பாதிவரை காலியாகி நிறைவதை அதுதான் தாங்கும், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரியை விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், மெல்லிய தகடு, இந்த வேலைக்குத் தாங்காது.

கேள்வி: லோட்ஷெடிங் என்று முறை வைத்து கரண்டை நிறுத்தின சமயத்தில் வாங்கின இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு கராஜில் சும்மா கிடக்கிறது. தம்பியின் கேரவனில் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: மேலே சொன்ன பல்பு சோதனையைச் செய்துவிட்டுப் போடுங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2023-இல் கரண்ட் ஒரே நாளில் எத்தனை முறை போய் வந்தது என்று உங்களுக்கே தெரியும், ஒரு தடவை காலியான பேட்டரி நிறைவதற்குள் மறுபடியும் கரண்ட் போய்விடும், அப்படி அரைகுறை சார்ஜில் ஓடியே அந்த நாட்களில் பேட்டரிகள் செத்தன. அதற்கு மேல் சார்ஜ் இல்லாமல் கராஜில் மாதக்கணக்கில் வேறு கிடந்திருக்கிறது. தம்பியிடம் ஏற்கெனவே இருக்கும் பேட்டரியோடு சேர்த்து மாட்டிவிடாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு நாளாக வண்டி பிளக்கில் இருக்கிறது. உள்ளே போனால் அழுகின முட்டை வாசனை. பயமாக இருக்கிறது.
— வாசகி, டோங்காட்

பதில்: அக்கா, உள்ளே நின்று தேட வேண்டாம், எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம். வெளியே பிளக் போட்டிருக்கும் இடத்தில், வீட்டுப் பக்கம், கரண்டை நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டரையும் மூடுங்கள், ஏனென்றால் சமையல் கேஸில் சேர்க்கிற வாசனையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், எது என்று மூக்கை நம்பி முடிவு செய்யக் கூடாது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, வாசனை முழுக்கப் போன பிறகு பேட்டரி பெட்டியைப் பாருங்கள். பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருந்தாலோ, இன்னும் சூடாக இருந்தாலோ அதுதான் காரணம்: பெரும்பாலும் ஒரு செல் ஷார்ட் ஆகி, சார்ஜர் அதை விடாமல் கொதிக்க வைத்திருக்கிறது. வருகிற வாயு விஷம், கூடவே வரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும். அந்த பேட்டரிக்கு இனி சார்ஜ் போடவே கூடாது. பேட்டரியில் ஒன்றும் தெரியவில்லையென்றால் கேஸ் குழாயைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள், அதுவரை சிலிண்டரைத் திறக்காதீர்கள்.

கேள்வி: எல்லோரும் லித்தியம் லித்தியம் என்கிறார்கள். நாங்கள் ஜூலை லீவில் டிராக்கன்ஸ்பர்க் போகிறவர்கள். மாறலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மாறலாம், எடை பாதிக்கும் கீழே, ஆயுள் பல மடங்கு. ஆனால் பழைய வண்டியில் பேட்டரியை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. லித்தியம் இழுக்கிற கரண்டில் பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகும், நடுவில் அந்தக் கரண்டைக் கட்டுப்படுத்துகிற டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்தே ஆக வேண்டும், பிளக் சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக வேண்டும். மீட்டரும் இதில் உதவாது, நிறைந்திருந்தாலும் பாதியானாலும் 13-ஐ ஒட்டியே காட்டிக்கொண்டிருக்கும், எவ்வளவு மிச்சம் என்று தெரிய பேட்டரிக்குள் போய் வருகிற கரண்டை அளந்து கணக்கு வைக்கிற, ஷன்ட் வைத்த மானிட்டர் வேண்டும். ஜூலையில் மலையில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்குமே, அந்த நேரத்தில் பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருந்தால் அதற்கு சார்ஜ் ஏற்றவே கூடாது, ஏற்றினால் நிரந்தரமாகக் கெடும். குளிரில் தானே சார்ஜை வெட்டிவிடுகிற ரகமாகக் கேட்டு வாங்குங்கள், வெளிப்பெட்டியில் வைக்காமல் உள்ளே சீட்டுக்கு அடியில் வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, அதுவும் கரண்ட் உள்ள கேம்ப்சைட்டுக்கே போகிறவர் என்றால் இந்தச் செலவு வீண், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடின லெட்-ஆசிட் ரகமான ஏஜிஎம் நல்லதாக ஒன்று போதும்.

கேள்வி: டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. கடல் காற்றாலா? எதை முதலில் கழற்றணும்?
— வாசகி, போர்ட் ஷெப்ஸ்டோன்

பதில்: உப்புக் காற்றும் உண்டு, டெர்மினல் ஓரமாகக் கசிகிற ஆசிடும் உண்டு. மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் பாடியில் பட்டால் தீப்பொறி பறந்து ஸ்பானரே ஒட்டிக்கொள்ளும். வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து பழைய பிரஷ்ஷால் தேயுங்கள், கரைசல் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. நன்றாகத் துடைத்து, காயவிட்டு, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் பூசிவிடுங்கள்.