எட்டு கோரையும் ஓட வைக்க ஃபோர்ட்ரானை விட வேண்டியதில்லை

கேள்வி: வைகை வடிநிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து நிலத்தடி நீர்மட்டம் கணக்கிடும் என் ஃபோர்ட்ரான் புரோகிராம் ஓடி முடிய 40 மணி நேரம் ஆகிறது. சி++-க்கு மாற்றினால்தான் கம்ப்யூட்டரின் எட்டு கோரும் வேலை செய்யும், எட்டு மடங்கு வேகம் வரும் என்று மதுரையில் ஒரு புராஜெக்ட் சென்டர் 35,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?
- ஆய்வு மாணவி, திருமங்கலம்

கொடுக்காதீர்கள். ஒரு புரோகிராமைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பி, ஃபோர்ட்ரானுக்கு 1997-லேயே வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் அது இருக்கிறது. ஃபோர்ட்ரானின் 2008 தரத்தில் சேர்ந்த கோஅரே என்ற வசதியை, பல கம்ப்யூட்டர்களை இணைத்து ஓட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எந்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நேரத்தைத் தின்கிறது என்று முதலில் ஜிபிராஃப் என்ற நேரம் அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். அந்த லூப்புக்கு மேலே 'பேரலல் டூ' வரி ஒன்று போதும். கம்பைல் செய்யும்போது ஓபன்எம்பி ஆப்ஷனைக் கொடுக்க மறந்தால் அந்த வரி வெறும் கமெண்ட். பிழைச் செய்தியும் வராது. பழையபடி ஒரே கோர்தான் ஓடும்.

அதே வரியில் 'டிஃபால்ட் நன்' கட்டாயம் போடுங்கள். ஒவ்வொரு மாறியும் பொதுவா, தனியா என்று கம்பைலரே கேட்கும். இடைக்கணக்கு மாறிகள் கோருக்குக் கோர் தனியான 'பிரைவேட்', கோர்தோறும் தனியே கூட்டிக் கடைசியில் சேர்க்கும் கூட்டுத்தொகை 'ரிடக்‌ஷன்'. இதில் தவறினால் விடை ஒவ்வொரு தடவையும் வேறாக வரலாம். சென்டர்காரர்கள் வேகத்தை மட்டும் காட்டிப் பணம் வாங்குவது இங்கேதான். ஒரே டேட்டாவை ஒரு திரெட்டிலும் (கோரில் ஓடும் ஒரு வேலை இழை) எட்டு திரெட்டிலும் ஓட்டிப் பாருங்கள். கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் மாறலாம். மூன்றாம் இலக்கமே மாறினால் புரோகிராம் தப்பு.

எட்டு மடங்கு என்பதும் பொய். வேலையில் 80 சதவீதம் பிரியும் என்றால் எட்டு கோரில் 3.3 மடங்குதான். பிரியாத பகுதிக்கு 8 மணி நேரம், பிரிந்த பகுதிக்கு 4, ஆக 40 மணி நேரம் 12 ஆகும். திருச்சி என்ஐடியில் 2022-லேயே 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் ஆய்வு மாணவர் பலருக்கு இந்த எளிய கணக்கைக்கூட யாரும் சொல்லித்தருவதில்லை! சென்டர்கள் பிழைப்பது அதனால்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இன்றைய நீர்மட்டம் நேற்றையதிலிருந்து வருவதால் கால லூப்பைப் பிரிக்கவே முடியாது. உள்ளே இருக்கும் கட்ட லூப்பைத்தான் பிரிக்க வேண்டும். அங்கே காஸ்-சைடல் முறை (கட்டங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தி விடை காணும் வழி) இருந்தால் அதையும் அப்படியே பிரிக்கக்கூடாது. பக்கத்துக் கட்டத்தின் புது மதிப்பை அது எடுத்துக்கொள்கிறது. சதுரங்கப் பலகைபோல் கட்டங்களைச் சிவப்பு, கறுப்பு என்று பிரியுங்கள். நிரை (கிடை) எண்ணையும் நிரல் (செங்குத்து) எண்ணையும் கூட்டி இரட்டை வந்தால் சிவப்பு. சிவப்பின் நான்கு பக்கமும் கறுப்புதான், அதனால் சிவப்பெல்லாம் ஒரே நேரத்தில் ஓடலாம். அது முடிந்தபின் கறுப்பு. ஒரு லூப் இரண்டாகும், அவ்வளவுதான்.